கெட்டிமேளம் கொட்டும்போது ஃபோகஸைத் தேடாதீர்கள்

கெட்டிமேளம் தொடங்கி மூன்றாம் முடிச்சு விழும் வரை நமக்குக் கிடைக்கிற நேரம் மிஞ்சிப்போனால் அரை நிமிடம். அதற்குள் லென்ஸுக்கு முன்னால் நடப்பதை எண்ணிப் பாருங்கள். மாப்பிள்ளையின் இரண்டு கைகளும் பெண்ணின் கழுத்துக்குப் பின்னால் போகின்றன. பெண் தலை குனிந்திருக்கிறாள். நாத்தனார் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கிறார். ஓமப் புகை மேலெழுகிறது. நமக்குப் பின்னால் நிற்கிற கூட்டம் மொத்தமும் அட்சதையையும் பூவையும் நம் தலைக்கு மேலாக வீசுகிறது. நடுவில் எங்கிருந்தோ ஒரு கை மொபைலோடு நீள்கிறது.

இத்தனைக்கும் நடுவே கேமரா எதைப் பிடிக்கும்? பெரும்பாலும் எது அருகில் இருக்கிறதோ, எதில் வெளிச்சமும் நிழலும் பளிச்சென்று பிரிந்து தெரிகிறதோ, அதைப் பிடிக்கும். பறக்கிற அரிசியும் பூவிதழும் துல்லியமாக விழுந்து, தாலியும் முகமும் மங்கிப் போன படங்களைக் கல்யாண ஆல்பங்களில் நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்த அரை நிமிடம் திரும்பி வராது. "மறுபடி ஒரு முறை கட்டுங்கள்" என்று யாரிடமும் கேட்க முடியாது.

கும்பகோணம் பக்கம் கல்யாணப் படம் எடுப்பது என் தொழில். என்னிடம் வேலை பழக வருகிற பிள்ளைகளுக்கு லைட்டிங்குக்கும் முன்னால் சொல்லித் தருவது ஃபோகஸைத்தான். இன்றைய கேமராக்களின் மெனுவில் ஃபோகஸுக்கென்றே பக்கம் பக்கமாக அமைப்புகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் படித்துக் குழம்புவதைவிட, இரண்டு பழக்கங்களைக் கைக்குக் கொண்டுவந்தால் பெரும்பாலான கல்யாணங்களைச் சமாளித்துவிடலாம். ஃபோகஸ் செய்யும் வேலையை ஷட்டர் பட்டனிலிருந்து பிரித்துக் கட்டைவிரலுக்குக் கொடுப்பது முதல் பழக்கம். தூரத்தை முன்னாலேயே முடிவு செய்துவிடுவது இரண்டாவது. இரண்டும் சேரும்போதுதான் முழுப் பலன் தெரியும்.

அப்பாவின் பத்தடி

என் அப்பா யாஷிகா 635 வைத்திருந்தார். மேலிருந்து குனிந்து கண்ணாடியில் பார்த்து எடுக்கிற இரட்டை லென்ஸ் கேமரா, 80 எம்எம் லென்ஸ். அதில் ஆட்டோஃபோகஸ் என்று எதுவும் கிடையாது. இருந்தும் மணமேடையில் அவர் ஃபோகஸ் திருகிக்கொண்டு நின்று நான் பார்த்ததில்லை. காரணம், அவருடைய ஃப்ளாஷ். அந்தக் கால ஃப்ளாஷுக்கு ஒரு வழிகாட்டி எண் உண்டு. அதைத் தூரத்தால் வகுத்தால் வைக்க வேண்டிய அபெர்ச்சர், அதாவது லென்ஸ் திறப்பின் அளவு, கிடைக்கும். எண் 80, தூரம் பத்தடி என்றால் எஃப்/8. தூரம் மாறினால் அபெர்ச்சரையும் மாற்ற வேண்டும் என்பதால், அப்பா மேடையிலிருந்து பத்தடியில் தன் இடத்தைப் பிடித்துவிடுவார். எக்ஸ்போஷரும் (படத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு) ஃபோகஸும் ஒரே முடிவில் முடிந்தன. அந்த லென்ஸில் எஃப்/8 வைத்துப் பத்தடிக்கு ஃபோகஸ் செய்தால் ஏறக்குறைய எட்டடியிலிருந்து பன்னிரண்டடி வரை தெளிவாக விழும். பெண், மாப்பிள்ளை, பின்னால் நாத்தனார், பக்கத்தில் புரோகிதர் என எல்லோரும் அந்த நாலடிக்குள் வந்துவிடுவார்கள்.

ஃபோகஸ் என்பது கடைசியில் ஒரு தூரம். எந்த மெனுவைத் திறந்தாலும், எத்தனை ஃபோகஸ் பாயின்ட் (ஃப்ரேமுக்குள் ஃபோகஸ் பிடிக்கும் புள்ளி) இருந்தாலும், கேமரா செய்து முடிப்பது லென்ஸை ஒரு தூரத்தில் நிறுத்துவதைத்தான். இது மனதில் பதிந்துவிட்டால் மீதியெல்லாம் எளிது.

ஷட்டர் எடுக்கட்டும், கட்டைவிரல் பிடிக்கட்டும்

கடையிலிருந்து வரும் கேமராவில் ஷட்டரைப் பாதி அழுத்தினால் ஃபோகஸ், முழுதாக அழுத்தினால் படம். 1985-இல் மினோல்டா 7000 வந்து ஆட்டோஃபோகஸ் எஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்து லென்ஸ் வழியாகவே பார்க்கும் கேமரா) பரவலான பிறகு இதுவே எல்லோருக்கும் பழகிப்போனது. சாதாரண நேரத்தில் இது வசதிதான். சிக்கல் என்னவென்றால், ஒவ்வொரு படத்துக்கும் கேமரா புதிதாக ஃபோகஸ் தேடுகிறது. பெண்ணின் முகத்தில் ஒரு நொடி முன்பு சரியாகப் பிடித்திருந்தாலும், அடுத்த அழுத்தலில் குறுக்கே பூவிதழ் வந்தால் அதற்குத் தாவிவிடும்.

ஃபோகஸை மட்டும் கேமராவின் பின்புறம் இருக்கிற பட்டனுக்கு மாற்றும் வசதியை கேனான் 1989-இலேயே ஈஓஎஸ் 630-இல் கொடுத்துவிட்டது. இன்று விற்கிற மாற்று லென்ஸ் கேமராக்களில், விலை குறைந்ததிலும்கூட, அநேகமாக எல்லாவற்றிலும் இது உண்டு. ஆனால் மெனுவின் அடியில் கிடப்பதால் பலருக்கும் தெரிவதில்லை.

கேனான் 1500டி போன்ற தொடக்கநிலை கேமராவில் கஸ்டம் ஃபங்ஷன் பட்டியலைத் திறந்து, 'ஷட்டர்/ஏஇ லாக் பட்டன்' என்கிற வரியில் 3 என்ற தேர்வை வையுங்கள். அதன்பிறகு பின்பக்கம் நட்சத்திரக் குறி போட்ட பட்டன்தான் ஃபோகஸ் செய்யும். கேனானின் ஆர் வரிசை மிரர்லெஸ் (அந்தக் கண்ணாடி இல்லாத கேமரா) என்றால் பட்டன்களை மாற்றி அமைக்கும் பக்கத்துக்குப் போய், ஷட்டர் பாதி அழுத்தலுக்கு 'மீட்டரிங்' (வெளிச்சம் அளப்பது) மட்டும் கொடுங்கள். ஏஎஃப்-ஆன் (ஆட்டோஃபோகஸைத் தொடங்கும்) பட்டன் இருக்கிற மாடலில் அது ஏற்கெனவே தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். நிகான் டி3500, டி5600, டி750 போன்றவற்றில் ஏஇ-எல்/ஏஎஃப்-எல் பட்டனுக்கு ஏஎஃப்-ஆன் வேலையைக் கொடுத்தால் போதும். நிகானின் பெரிய டிஎஸ்எல்ஆரிலும் (டிஜிட்டல் எஸ்எல்ஆர்) இசட் வரிசையிலும் 'ஏஎஃப் ஆக்டிவேஷன்' என்ற இடத்தில் 'ஏஎஃப்-ஆன் ஒன்லி' என்று வையுங்கள். சோனியில் 'ஏஎஃப் வித் ஷட்டர்' என்பதை அணைத்துவிட்டு, ஏஎஃப்-ஆன் பட்டன் இல்லாத மாடலாக இருந்தால் கைக்கு எட்டும் வேறு பட்டனுக்கு அந்த வேலையைக் கொடுங்கள். ஃப்யூஜியிலும் ஷட்டர் ஏஎஃப்பை அணைக்கும் வரி இருக்கிறது.

அதோடு ஃபோகஸ் முறையைத் தொடர் ஃபோகஸுக்கு மாற்றி அப்படியே விட்டுவிடுங்கள். கேனானில் ஏஐ சர்வோ அல்லது சர்வோ, மற்றவற்றில் ஏஎஃப்-சி. இனி அதை மாற்ற வேண்டிய தேவையே இருக்காது.

அது எப்படி என்று கேட்பீர்கள். கட்டைவிரலை அழுத்திப் பிடித்திருக்கும் வரை கேமரா ஆளைத் தொடர்ந்து ஃபோகஸ் செய்துகொண்டே வரும். மாப்பிள்ளை அழைப்பில் நடந்து வருகிறவர்களுக்கு இது. விரலை எடுத்தால் ஃபோகஸ் அதே இடத்தில் நின்றுவிடும். மணையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது. விரலே வைக்கவில்லை என்றால் லென்ஸ் அசையாது. அது மேனுவல் ஃபோகஸுக்குச் சமம். முன்பு மூன்று முறைகளுக்கு மாறி மாறி அமைக்க வேண்டியிருந்ததை ஒரே விரல் செய்துவிடுகிறது. முதல் சில நாள் விரல் மறந்துபோகும், ஷட்டரை அழுத்திவிட்டு ஃபோகஸ் ஏன் வரவில்லை என்று முழிப்பீர்கள். கல்யாணத்துக்கு எடுத்துப் போவதற்கு முன்னால் வீட்டில், தெருவில், பேருந்து நிலையத்தில் பழகிக்கொள்ளுங்கள். கைக்கு வந்த பிறகு பழைய முறைக்குத் திரும்பிப் போனவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

எதன் மேல் வைப்பது

பாயின்ட்டைக் கேமராவின் விருப்பத்துக்கு விடாதீர்கள். ஒற்றை பாயின்ட் அல்லது சிறிய கட்டம், அதை நீங்கள் நகர்த்த வேண்டும். பழைய டிஎஸ்எல்ஆர்களில் நடு பாயின்ட்தான் பலமானது. குறுக்கும் நெடுக்குமாக இரண்டு திசையிலும் கோடுகளை உணரும் வகை அது. தொடக்கநிலைக் கேமராக்களில் ஓரத்துப் பாயின்ட்கள் பெரும்பாலும் ஒரு திசையில்தான் உணரும். மங்கிய மண்டபத்தில் அவை திணறும்.

ஆட்டோஃபோகஸுக்குத் தேவை வெளிச்சத்தைவிட வேறுபாடு, அதாவது வெளிச்சமும் நிழலும் பிரிந்து தெரிகிற கோடு. வெள்ளை வேட்டியின் நடுவில் பாயின்ட்டை வைத்தால் லென்ஸ் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கும். அதே வேட்டியின் கரையில் வையுங்கள், உடனே நிற்கும். பட்டுச் சேலையின் உடலைவிட ஜரிகைக் கரை நல்லது. முகத்தில் கன்னத்தை விட்டுவிட்டு இமைக்கோட்டையோ புருவத்தையோ பிடியுங்கள். நெற்றிச்சுட்டியில் வைக்கத் தோன்றும். ஆனால் வீடியோ லைட் பட்டு அது தெறிக்கும்போது கேமராவுக்குக் கோடே தெரியாமல் போகும். ஓமம் வளர்க்கிற நேரத்தில் புகை எல்லா வேறுபாட்டையும் கரைத்துவிடும். அந்த நேரத்தில் கட்டைவிரலை அழுத்தவே அழுத்தாதீர்கள். புகை எழுவதற்கு முன்பே பிடித்த தூரத்தை நம்பி எடுங்கள்.

நடு பாயின்ட்டில் பிடித்துவிட்டு, கேமராவைத் திருப்பி ஃப்ரேம் வைப்பது பலருடைய பழக்கம். கேமராவோடு சேர்ந்து வரும் கிட் லென்ஸில் எஃப்/5.6 வைத்து எடுக்கும்போது ஒன்றும் ஆகாது. 85 எம்எம் லென்ஸை எஃப்/1.8-இல் வைத்து இரண்டு மீட்டரில் பெண்ணின் முகத்தை எடுக்கிறீர்கள் என்றால் கதை வேறு. அங்கே தெளிவாக விழும் ஆழம் மொத்தமே 6 சென்டிமீட்டர்தான், முன்னால் மூன்று, பின்னால் மூன்று. கேமராவைப் பத்து டிகிரி திருப்பினால் ஃபோகஸ் தளம் கண்ணிலிருந்து 3 சென்டிமீட்டர் பின்னால் போய்விடும். கண்ணை விட்டுவிட்டுக் காதும் ஜிமிக்கியும் துல்லியமாக விழுவது இதனால்தான். அகலத் திறந்த லென்ஸில், அதாவது எஃப்/1.8 போன்ற சிறிய எஃப் எண்ணில், பாயின்ட்டைக் கண்ணுக்கு நகர்த்தியே எடுங்கள், திருப்பாதீர்கள்.

கண்ணைத் தானே கண்டுபிடிக்கும் கேமராக்கள்

மிரர்லெஸ் கேமராவில் கண் ஃபோகஸ் வந்த பிறகு இந்தத் தொல்லை பெரும்பாலும் போய்விட்டது. பெண் தனியாக, மாப்பிள்ளை தனியாக, இருவரும் சேர்ந்து நிற்கும் படங்களுக்கு அதை முழுக்க நம்பலாம். நானும் நம்புகிறேன். மேடையில்தான் அது தடுமாறும். தாலி கட்டும்போது ஃப்ரேமுக்குள் பத்துப் பதினைந்து முகங்கள் இருக்கும். பெண் குனிந்திருப்பாள், மாப்பிள்ளையின் முகம் பக்கவாட்டில் திரும்பியிருக்கும். கேமராவை நேராகப் பார்த்துக்கொண்டிருப்பவர் பின்வரிசையில் நிற்கும் பெரியப்பாவாக இருப்பார். கேமரா அவரைத்தான் தேர்ந்தெடுக்கும்.

அதனால் முகம் கண்டறிதலைத் திரை முழுவதற்கும் திறந்துவிடாமல், ஒரு சிறு கட்டத்துக்குள் மட்டும் தேடும்படி வையுங்கள். அந்தக் கட்டத்தைப் பெண்ணின் மேல் வைத்துவிட்டால் பெரியப்பா வெளியே நிற்பார்.

தாவும் வேகத்தையும் குறைத்து வையுங்கள். கேனானில் 'டிராக்கிங் சென்சிட்டிவிட்டி' என்று இருக்கும், அதைக் கழித்தல் பக்கம் கொண்டுபோங்கள். நிகானில் குறுக்கே ஏதாவது வந்தால் எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்று கேட்கும் வரி உண்டு, அதை 5-இல் வையுங்கள். சோனியில் 'லாக்டு ஆன்' பக்கம், அதாவது 1. பந்தயமும் பறவையும் எடுப்பவர்களுக்கு இந்த எண்ணை மாற்றி மாற்றி வைக்கத் தேவை இருக்கலாம். கல்யாணத்தில் குறுக்கே வருவது எல்லாமே நமக்கு வேண்டாதது. அதனால் பொறுமையான பக்கத்தில் வைத்துவிட்டு மறந்துவிடலாம்.

தாலி கட்டும்போது: இரண்டு மீட்டர், விரலை எடுத்துவிடுங்கள்

இதுதான் நான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாக நினைப்பது.

முகூர்த்தத்துக்கு நான் வைப்பது 35 எம்எம் லென்ஸ். மணையிலிருந்து இரண்டு மீட்டரில் நிற்பேன். ஃபுல்ஃப்ரேம் கேமராவில் (35 எம்எம் ஃபிலிம் அளவு சென்சார் உள்ளது) எஃப்/4 வைத்து இரண்டு மீட்டருக்கு ஃபோகஸ் செய்தால் ஏறக்குறைய 1.7 மீட்டரிலிருந்து 2.5 மீட்டர் வரை தெளிவாக விழும். எஃப்/5.6-க்குப் போனால் 1.6-லிருந்து 2.7 மீட்டர் வரை, அதாவது ஒரு மீட்டருக்கும் மேல் கிடைக்கும். பெண்ணின் முகம், மாப்பிள்ளையின் கைகள், பின்னால் முடிச்சுப் போடக் குனிகிற நாத்தனார் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். உங்களிடம் அதைவிடச் சிறிய சென்சார் உள்ள ஏபிஎஸ்-சி கேமராவும் 18-55 கிட் லென்ஸும்தான் இருக்கிறதா? 24 எம்எம்முக்கு வைத்து எஃப்/4 கொடுங்கள். அதே போன்ற காட்சி, தெளிவு 1.6-லிருந்து 2.7 மீட்டர் வரை. இந்த வேலைக்கு விலை உயர்ந்த லென்ஸ் தேவையே இல்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எஃப்/1.4 லென்ஸ் வாங்கக் கடன் வாங்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். முகூர்த்த நேரத்தில் அந்த எஃப்/1.4 பயன்படப் போவதில்லை. எஃப்/4-இல் வெளிச்சம் போதவில்லை என்றால் ஐஎஸ்ஓவை (வெளிச்சத்தை உணரும் திறனின் அளவு) 3200-க்கு ஏற்றுங்கள். அதனால் புள்ளி விழுந்த படத்தை வீட்டில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். முகம் மங்கிய படத்தை எதுவும் காப்பாற்றாது.

சரி, தூரத்தை எப்படிப் பிடிப்பது? தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்காகச் சபையைச் சுற்றி வருகிற நேரம் இருக்கிறதே, அதுதான் உங்களுடைய நேரம். உங்கள் இடத்தில் நின்று, பெண்ணின் மாலையில் பாயின்ட்டை வைத்துக் கட்டைவிரலை ஒரு முறை அழுத்துங்கள். பிடித்ததும் விரலை எடுங்கள். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சரியாக இருந்தால் அதன்பிறகு கட்டைவிரல் அந்தப் பட்டன் பக்கமே போகக் கூடாது. கெட்டிமேளம் கொட்டட்டும், அட்சதை பறக்கட்டும், புகை வரட்டும். லென்ஸ் இருந்த இடத்திலேயே இருக்கும். உங்கள் கண் ஃபோகஸ் கட்டத்தைத் துரத்தாமல் பெண்ணின் முகத்தில் இருக்கும். அம்மா அழுகிற நொடி, மாப்பிள்ளை முடிச்சுப் போடத் திணறி அக்காவைப் பார்க்கிற நொடி, இவையெல்லாம் அப்போதுதான் உங்கள் கண்ணில் படும்.

சில எச்சரிக்கைகள். ஃபோகஸ் பிடித்த பிறகு ஜூமைத் திருகாதீர்கள். பல கிட் லென்ஸ்களில் ஜூம் மாறினால் ஃபோகஸும் நகர்ந்துவிடும். கூட்டம் உங்களைத் தள்ளி நீங்கள் ஒரு அடி முன்னாலோ பின்னாலோ போய்விட்டால் ஒரே ஒரு முறை கட்டைவிரலைத் தட்டிவிட்டு எடுத்துவிடுங்கள். மிரர்லெஸ் கேமரா தூங்கி எழுந்தால் சில லென்ஸ்கள் பழைய தூரத்தை மறந்துவிடும்; தானாக அணையும் நேரத்தை அன்றைக்கு மட்டும் கூட்டி வையுங்கள்.

தூரத்தைக் கண்ணால் அளக்கப் பழகுவதும் நல்லது. பல மண்டபங்களில் தரையில் இரண்டடிக்கு இரண்டடி டைல்ஸ் போட்டிருப்பார்கள். மூன்று டைல்ஸும் சற்றே கூடுதலும் என்றால் இரண்டு மீட்டர். லென்ஸில் எழுதியிருக்கும் தூரம் லென்ஸின் முனையிலிருந்து கணக்கிடப்படுவதில்லை. கேமராவின் மேல்பக்கம் வட்டத்தின் குறுக்கே கோடு போட்ட ஒரு சின்னக் குறி இருக்கும். சென்சார் அங்கேதான் இருக்கிறது, தூரம் அங்கிருந்துதான். பழைய மேனுவல் லென்ஸ் வைத்திருப்பவர்கள் வளையத்தில் ஒன்றரை, இரண்டு, மூன்று மீட்டர் இடங்களில் மெல்லிய வண்ண டேப் ஒட்டிவைத்தால் கேமராவைப் பார்க்காமலே விரலால் தடவிக் கண்டுபிடிக்கலாம். புதிய மிரர்லெஸ் லென்ஸ்களில் பலவற்றில் வளையம் லென்ஸோடு நேராக இணைந்திருக்காது, மின்சாரத்தால் நகரும். வேகமாகத் திருகினால் ஒரு தூரம், மெதுவாகத் திருகினால் வேறு தூரம் என்று போகும். அவற்றில் டேப் வேலை செய்யாது. சில கேமராக்களில் இதை நிலையான சுழற்சிக்கு மாற்றும் அமைப்பு இருக்கிறது, தேடிப் பாருங்கள்.

மேடையில் குடும்பத்தோடு வரிசையாக நிற்கும் படங்களுக்கும் இதே கணக்குதான். 35 எம்எம், எஃப்/5.6, நான்கு மீட்டர். 2.6 மீட்டரிலிருந்து கிட்டத்தட்ட 9 மீட்டர் வரை தெளிவு. முன்வரிசையில் இருப்பவர் கண்ணில் ஒரு முறை பிடித்துவிட்டு, வரவேற்பு முடியும் வரை அப்படியே எடுக்கலாம். ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், தூரம் மாறாது.

ஊஞ்சல் மட்டும் இதற்கு விலக்கு. நேர் எதிரே நின்றால் தூரம் ஒவ்வொரு நொடியும் மாறும், கட்டைவிரலை அழுத்திப் பிடித்தே எடுக்க வேண்டும். முடிந்தால் பக்கவாட்டில் போய் நில்லுங்கள். ஊஞ்சல் உங்களுக்குக் குறுக்காக ஆடும், தூரம் அதிகம் மாறாது.

ஃபோகஸா, கை அசைவா

படம் மங்கினால் உடனே ஃபோகஸைக் குற்றம் சொல்லாதீர்கள். பெரிதாக்கிப் பாருங்கள். ஃப்ரேமில் வேறு ஏதாவது ஒன்று, பின்னால் இருக்கிற தோரணமோ முன்னால் இருக்கிற குத்துவிளக்கோ, துல்லியமாக இருந்தால் ஃபோகஸ் தப்பியிருக்கிறது. எதுவுமே துல்லியமாக இல்லாமல், எல்லாம் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை அசைந்திருக்கிறது. முகம் தெளிவாக இருந்து கைகள் மட்டும் இழுபட்டிருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை. முடிச்சுப் போடும் கைகளுக்கு 1/250-க்குக் கீழே போகாதீர்கள். டிஎஸ்எல்ஆரில் ஒரு குறிப்பிட்ட லென்ஸ் எப்போதும் ஒரே பக்கமாகத் தப்பினால், செய்தித்தாளைச் சாய்த்து வைத்து ஒரு வரியில் ஃபோகஸ் செய்து சோதியுங்கள். வேறு வரி தெளிவாக விழுந்தால் அந்த லென்ஸையும் பாடியையும் ஒன்றுக்கொன்று சரிசெய்ய வேண்டும். நடுத்தர மாடல்களிலிருந்து மெனுவிலேயே அதற்கு வசதி உண்டு.

கேமரா எப்படி இருந்தால் நன்றாக இருக்கும்

இவ்வளவையும் நாம் சுற்றிவளைத்துச் செய்ய வேண்டியிருக்கிறதே என்று எனக்கு ஆதங்கம் உண்டு. கேமராவிடம் நான் சொல்ல விரும்புவது ஒரே ஒரு விஷயம்: "ஒன்றரை மீட்டருக்கும் மூன்று மீட்டருக்கும் நடுவில் மட்டும் தேடு." வயலுக்கு வேலி போடுவது போலத் தூரத்துக்கு ஒரு வேலி. அட்சதை வேலிக்கு இந்தப் பக்கம் பறக்கும், எல்இடி சுவர் அந்தப் பக்கம் மின்னும். கேமரா இரண்டையும் கவனிக்காது.

இது கனவு மட்டுமல்ல. 70-200 லென்ஸ்களில் அருகில் தேடாதே என்று சொல்லும் சின்ன சுவிட்ச் நெடுங்காலமாக இருக்கிறது, ஆனால் அதில் ஒரு பக்கத்துக்குத்தான் வேலி. ஒலிம்பஸ் ஈ-எம்1 மார்க் II-விலும், 2019-இல் வந்த ஃப்யூஜி எக்ஸ்-ப்ரோ3-இலும் இரண்டு பக்கமும் தூரத்தைக் குறிப்பிட முடியும். நான் கேட்பது, அது மெனுவின் ஆழத்தில் இல்லாமல் விரல் நுனிக்கு வர வேண்டும் என்பது. ஒரு பட்டனை அழுத்திக்கொண்டு பெண்ணைத் தொட்டால் வேலியின் ஒரு பக்கம், பின்னால் நிற்கும் அம்மாவைத் தொட்டால் மறுபக்கம். அவ்வளவுதான். எண்ணே தெரிய வேண்டாம்.

ஒலிம்பஸ் ட்ரிப் 35 என்று 1960களில் வந்த கேமராவில் ஃபோகஸ் வளையத்தில் பார்த்ததும் புரிகிற நான்கு படங்கள் இருந்தன. ஒரு தலை, இரண்டு பேர், கூட்டம், மலை. யார் கையில் கொடுத்தாலும் எடுத்துவிடுவார்கள். ரிகோ ஜிஆர் கேமராவில் இன்றும் அதன் வாரிசு இருக்கிறது: ஷட்டரை ஒரே மூச்சில் முழுதாக அழுத்தினால், தேடவே தேடாமல் நாம் முன்பே சொல்லிவைத்த தூரத்துக்கு லென்ஸ் போய்விடும். தெருவில் படம் எடுப்பவர்கள் அதை அவ்வளவு விரும்புவதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. கல்யாணத்துக்கென்று நான்கு படங்கள் போட்ட ஒரு வளையம் வேண்டும் எனக்கு: தனி முகம், தம்பதி, மணமேடை, மண்டபம்.

பார்க்கிற இடத்திலேயே ஃபோகஸ் நிற்க வேண்டும் என்றும் யோசித்திருக்கிறார்கள். கேனான் 1992-இல் ஈஓஎஸ் 5-இல் வியூஃபைண்டருக்குள் நம் கண் எங்கே போகிறது என்று பார்த்து பாயின்ட்டைத் தேர்ந்தெடுக்க வைத்தது. 1998-இல் ஈஓஎஸ் 3-இலும் அது இருந்தது. பிறகு நெடுநாள் காணாமல் போய், 2021-இல் ஆர்3-இல் திரும்பி வந்தது. நல்ல யோசனைதான். ஆனால் மணமேடையில் என் கண் ஒரே இடத்தில் நிற்காது. அடுத்து என்ன நடக்கப் போகிறது என்று ஓரங்களைத் தேடிக்கொண்டே இருக்கும். என் கண் போகிற இடத்துக்கெல்லாம் ஃபோகஸ் வந்தால் எனக்குத் தொல்லை.

எடுத்த பிறகு ஃபோகஸை மாற்றிக்கொள்ளலாம் என்று 2012-இல் லைட்ரோ கேமரா விற்பனைக்கு வந்தது. ஒளி வருகிற திசையையும் சேர்த்துப் பதிவு செய்வதால் அது முடிந்தது. ஆனால் படத்தின் அளவு மிகச் சிறியதாகிவிடும், ஆல்பத்துக்கு உதவாது. அந்த நிறுவனம் 2018-இல் மூடப்பட்டது. மொபைல் போர்ட்ரெயிட்டில் எடுத்த பிறகு ஃபோகஸ் மாற்றுவது பெரும்பாலும் இந்த முறை இல்லை. சின்ன சென்சார் என்பதால் அங்கே ஏறக்குறைய எல்லாமே தெளிவாக விழும், மென்பொருள் பிறகு மங்கலாக்குகிறது. அதனால்தான் பூச்சரத்தின் ஓரமும் முடியும் பல படங்களில் வெட்டினது போலத் தெரிகின்றன.

உடனே கைக்கு வரக்கூடியதாக நான் நினைப்பது முகங்களைப் பதிவு செய்வது. சோனி கேமராக்களில் பல வருடமாகவே முகங்களைச் சேமித்து முன்னுரிமை கொடுக்கலாம். கேனான் 2024-இல் ஆர்1, ஆர்5 மார்க் II கேமராக்களில் அதைக் கொடுத்திருக்கிறது. உங்கள் கேமராவில் இருந்தால் நிச்சயதார்த்தத்தன்றே பெண், மாப்பிள்ளை, இரு வீட்டு அம்மா அப்பா முகங்களைப் பதிந்துகொள்ளுங்கள். அலங்காரம் முடிந்த பிறகு பெண்ணின் முகத்தை மறுபடி ஒரு முறை பதியுங்கள்.

கடைசியாக ஒன்று. பெண் வீட்டார் "நீயும் வாம்மா, ஒரு படம் நில்லு" என்று கூப்பிடுவார்கள். கேமராவை வாங்கிக்கொள்கிற மாமாவுக்குக் கட்டைவிரல் பட்டன் தெரியாது, எல்லாப் படமும் மங்கிப்போகும். கேனான் தொடக்கநிலைக் கேமராவில் டயலைப் பச்சை ஆட்டோவுக்குத் திருப்பினால் ஷட்டரிலேயே ஃபோகஸ் திரும்ப வந்துவிடும். டயலில் கஸ்டம் இடம் இருக்கிற மற்ற கேமராக்களில் அதில் ஒன்றில் பழைய முறையைச் சேமித்து வைத்துவிட்டு, அந்த இடத்துக்குத் திருப்பிக் கையில் கொடுங்கள். உங்கள் கைக்குத் திரும்பி வந்ததும் டயலைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டு அடுத்த படத்தை எடுங்கள்.